குலுங்காத ரயில்

தென்கோடியில் மக்கள் சுவாசிக்கும் காற்று தினமும் காலை ரயிலில் வந்தது.

ரயில் தாமதமானால் நடைபாதை விளக்குகள் மஞ்சளாக மாறும். அம்மாக்கள் பிள்ளைகளை ஓடக்கூடாது என்று அதட்டுவார்கள். பள்ளியில் பாட்டு வகுப்பை ஒத்திவைத்துவிட்டுப் படம் வரையச் சொல்வார்கள். ரயில் வந்து சேர்ந்ததும் விளக்குகள் பச்சையாகும். பாட்டு வகுப்பு தொடங்கும். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் கேட்பார்கள்.

நிலாவின் தென்முனையில் இருந்தது அந்த ஊர். சூரியன் அங்கே உச்சிக்கு வருவதே இல்லை. அடிவானத்தை ஒட்டியபடி ஊரைச் சுற்றிச் சுற்றி வரும். ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருட்பள்ளம் என்ற பெருங்குழி. உலகம் உண்டான நாளிலிருந்து வெயிலே படாத அந்தக் குழியில் பனிக்கட்டி பாறைபோல் இறுகிக் கிடந்தது. அதை வெட்டி ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து, உருக்கினால் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிளந்தால் காற்று. வெட்டப் போகிறவர்களும் அதே ரயிலில்தான் போய்வந்தார்கள்.

ஆகவே ஊரின் கவலையெல்லாம் ரயிலைப் பற்றியதாகவே இருந்தது. ரயில் குலுங்கியது. சாதாரணக் குலுக்கல் இல்லை. தேநீரை மூடியிட்ட குவளையில் உறிஞ்சித்தான் குடிக்க முடியும். இருட்பள்ளத்தில் வேலை பார்த்த எட்வின் வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"இன்னும் கொஞ்ச காலம் இப்படியே போச்சுன்னா என் பல்லையெல்லாம் கழட்டி உன் கையிலதான் குடுக்கணும்," என்றான் ஒருநாள், மனைவி நவமணியிடம்.

"பல்லை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? கொஞ்சம் பொறு. அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்," என்றாள் அவள்.

நவமணி ரயில்பாதை வடிவமைப்பாளர். ஊர்மன்றம் அந்த வேலையை அவளிடம்தான் கொடுத்திருந்தது. பூமியில் தண்டவாளத்துக்குக் கீழே ஸ்லீப்பர் கட்டையும், அதற்குக் கீழே சல்லிக்கல்லும் இருக்கும். கட்டை தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும், சல்லி அதிர்வை வாங்கிக்கொள்ளும். நிலாவில் சல்லி உதவவில்லை. எடை குறைந்த அந்த உலகில் கற்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதில்லை. ரயில் போகப் போகச் சிதறி ஓடின. மரத்துக்கு வழியில்லை. கான்கிரீட் போடலாம் என்றால் அதற்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் என்பது அங்கே மூச்சு. நிலா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த இரும்பு மட்டும்தான் தாராளமாகக் கிடைத்தது. முதலில் வந்தவர்கள் அதை வார்த்துத் தண்டவாளத்துக்கு அடியில் போட்டார்கள். இரும்பின்மேல் இரும்பு. குலுங்காமல் என்ன செய்யும்?

பிடித்துக்கொள்ளவும் வேண்டும், மெத்தையாகவும் இருக்கவேண்டும், இரண்டையும் உலோகமே செய்யவேண்டும். ரப்பர் அந்தக் குளிரில் கண்ணாடிபோல நொறுங்கியது. சுருள்வில்லை வைத்துப் பார்த்தாள். சோதனை வண்டி பந்துபோலத் துள்ளிப் பாதையை விட்டே இறங்கியது. கடைசியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போன்ற ஒன்றை இரும்பில் பின்னி, அடர்த்தியாக அழுத்தி, கவிழ்த்த தொட்டிபோன்ற உலோகக் கட்டைக்குள் திணித்தாள். தண்டவாளம் அதிர்ந்தால் உள்ளே ஆயிரக்கணக்கான கம்பிகள் ஒன்றோடொன்று உரசும். உரச உரச அதிர்வு செத்துப்போகும். தொட்டியின் இரு முனைகளிலும் தண்டவாளத்தை உடும்புபோலப் பற்றும் கவ்விகள். அடியில் நீளக்கூடிய கால்கள். தரை கொஞ்சம் தாழ்ந்தால் கால் தானாக நீண்டு, தண்டவாளம் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளும். இறுக அணைப்பதும், மெத்தை அணையாக இருப்பதும் ஒன்றாகச் சேர்ந்ததால் அதற்கு அணைதாங்கி என்று பெயர் வைத்தாள்.

புதிய பாதையில் முதல் ரயில் ஓடிய நாளில் ஊர்மன்றத் தலைவர் சபாநாயகம் மூடியில்லாத குவளையில் விளிம்புவரை தேநீர் ஊற்றச் சொன்னார். இருட்பள்ளம் போய்ச் சேரும்வரை அதில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அன்று வீட்டுக்கு வந்த எட்வின் விளக்கை அணைக்கவில்லை. சமைத்தான். சமைத்துக்கொண்டே பாடினான். காற்று விரயமாகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை பாடினான்.

ஓர் ஆண்டுக்குமேல் எல்லாம் நன்றாகவே போயிற்று.

அணைதாங்கிகளின் கால்கள் எவ்வளவு நீண்டிருக்கின்றன என்பதை அறைத் திரையில் பார்ப்பது நவமணியின் வழக்கம். ஒருநாள் நடுவழியில் ஒரு பகுதியில் எல்லாக் கால்களும் ஏறக்குறைய முழுவதுமாக நீண்டிருப்பதைக் கண்டாள். அளக்கும் கருவிதான் கெட்டுப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தாள். எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் எப்படிக் கெடும்? பாதைப் பராமரிப்பாளர் ஹாஜிராவை அழைத்துக்கொண்டு, சிறிய பாதைவண்டியில் அந்த இடத்துக்குப் போனாள்.

பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. தாழ்ந்த வெயிலில் தண்டவாளம் கோடு கிழித்தாற்போல நேராக ஓடியது. இருவரும் விண்ணுடையில் இறங்கினார்கள். நவமணி மண்டியிட்டு, ஓர் அணைதாங்கிக்கு அடியில் இருந்த மண்ணைக் கையால் தள்ளினாள். மண் உள்ளே விழுந்தது. எவ்வளவு ஆழத்துக்கு விழுந்தது என்று தெரியவில்லை. விளக்கை அடித்துப் பார்த்தாள். அணைதாங்கியின் கால்கள் கொக்கின் கால்கள்போல மெலிந்து நீண்டு, இருட்டுக்குள் இறங்கியிருந்தன.

"அக்கா, கீழ தரையே இல்லையே," என்றாள் ஹாஜிரா. அவள் குரல் நவமணியின் காதுக்குள் ஒலித்தது. "அப்ப இவ்வளவு நாளா ரயில் எது மேல ஓடுச்சு?"

"இது மேலதான்," என்றாள் நவமணி, கால்களைக் காட்டி.

எப்படி நேர்ந்தது என்பது அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. அதிர்வு செத்துப்போவதில்லை. உரசிய கம்பிகளில் அது சூடாக மாறியது. அந்தச் சூடு கால்கள் வழியாகத் தரைக்குள் இறங்கியது. அந்தப் பகுதியில் மண்ணோடு பனி கலந்திருந்ததை யாரும் அறிந்திருக்கவில்லை. பனி ஆவியாகிப் போகப் போக மண் உள்வாங்கியது. மண் தாழத் தாழக் கால்கள் நீண்டன. ரயில் சுகமாக ஓடிய ஒவ்வொரு நாளும் அந்தச் சுகமே அதன் அடியில் குழி தோண்டியிருக்கிறது. அதைச் செய்தது அவளுடைய கை.

சபாநாயகம் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப என்ன செய்யணுங்கறீங்க, நவமணிம்மா?"

"ரயிலை நிறுத்தணும் ஐயா. குழியை மண்ணு கொட்டி நிரப்பி, இறுக்கி, திரும்பப் பாதை போடணும். ரெண்டு மாசம் ஆகும்."

"ரெண்டு மாசம் ரயில் இல்லைன்னா ஊர் மூச்சுவிடுறது எப்படி?"

"இருப்புல இருக்கிற காற்றை வச்சு அரைக்காற்றுல சமாளிக்கலாம். யாரும் வேகமா நடக்கக் கூடாது. பள்ளிக்கூடத்தை மூடணும். கஷ்டம்தான். ஆனா முடியும்."

அரைக்காற்று என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "ரயில்ல தேத்தண்ணி சிந்தல. ஒருத்தருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. நான் போய் ஜனங்கக்கிட்ட, எல்லாம் நல்லா இருக்கு, அதனால மூச்சைப் பாதியாக் குறைச்சுக்குங்கன்னு சொன்னா எவனாவது கேட்பானா? நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையை யாரும் உணரமுடியாதபடி அவளே மெத்தை போட்டு மூடியிருந்தாள்.

மறுநாள் ஹாஜிராவோடு போய், அந்தப் பகுதியிலிருந்த அணைதாங்கிகளின் கம்பி மெத்தையை அசையாமல் பூட்டினாள். கால்களையும் பூட்டினாள். இனிச் சூடு இறங்காது. தரை எப்படி இருக்கிறதோ அப்படியே ரயிலில் தெரியும். மெதுவாகப் போனால் ரயில் கவிழாது என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் செய்தாள். ஓட்டுநர்களிடம் அங்கே ஊர்ந்து போகும்படி சொல்லியும் வைத்தாள்.

அன்று ரயில் ஊர்ந்து போயும் தேநீர் கூரைவரை தெறித்தது. ஒரு பெண்ணுக்கு உதடு கிழிந்தது. சிலர் வீறிட்டார்கள். இருக்கையைப் பற்றிக்கொண்டு வந்த எட்வின் வெளிறிப்போய் இறங்கினான்.

"என்ன நவமணி பண்ணி வச்சிருக்க? உயிர் போய் உயிர் வந்துச்சு."

"அதுதான் நிஜம் எட்வின். இத்தனை நாளா அது மேலதான் நீ போய் வந்துக்கிட்டிருந்த."

"அப்ப நிறுத்தச் சொல்லு," என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவனை அணைத்துக்கொண்டாள்.

ஊர் கூடியது. காற்றைச் சேமிக்க எப்போதும் மெல்லிய குரலில் பேசிப் பழகியவர்கள் அன்று கத்தினார்கள். நவமணி குழியின் படங்களைக் காட்டினாள். மக்கள் பயந்தார்கள். ரயிலை நிறுத்தலாம் என்று சிலர் சொல்லவும் தொடங்கினார்கள். அப்போதுதான் டாக்டர் கிருபாகரன் எழுந்தார். இனிமையாகப் பேசக்கூடியவர், எல்லோருக்கும் வேண்டியவர்.

"நம்ம எல்லாருக்கும் காதுக்குப் பின்னால நிலைச்சில்லு இருக்கு," என்று தொடங்கினார். எடை குறைந்த இடத்தில் தலைசுற்றாமல் இருப்பதற்காக, தென்கோடிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பொருத்தப்படும் சில்லு அது. உடல் அசைவதை மூளைக்குச் சொல்லும் நரம்போடு அது இணைந்திருந்தது. "அதுல ஒரு சின்ன மாற்றம் செஞ்சா போதும். ரயில்ல ஏறினதும் குலுக்கமும் அதுல படுற அடியும் மூளைக்குப் போகாது. தலைவலி கிடையாது, வாந்தி கிடையாது. கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். நின்னபடியே இப்பவே செஞ்சு விடலாம்."

"டாக்டர், குலுக்கம் இருக்கும்ல?" என்று கேட்டாள் நவமணி.

"இருக்கும். தெரியாது."

"ரயில் கவிழ்ந்தா?"

"அம்மா, நான் டாக்டர். ஜனங்க சொல்ற தொந்தரவுக்கு வைத்தியம் சொல்றேன். அவங்க சொன்ன தொந்தரவு குலுக்கம்தான்," என்றார் அவர், மெய்யான பரிவோடு.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. பயம் விலகிய நிம்மதியில் வரும் சிரிப்பு அது. ஒரு பக்கம் இரண்டு மாத அரைக்காற்று, இன்னொரு பக்கம் காதுக்குப் பின்னால் ஒரு நொடி வேலை. கைதூக்கச் சொன்னபோது கைகள் காடுபோல எழுந்தன. அவற்றுக்கிடையே எட்வின் கையும் இருந்தது. அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"பூட்டின மெத்தையெல்லாம் அப்படியே இருக்கட்டும்," என்று சபாநாயகம் முடித்துவைத்தார். "குலுங்கினாலும் இனி யாருக்குத் தெரியப்போகுது? வேகத்தையும் பழையபடி வச்சுக்கலாம்."

நவமணி மட்டும் சில்லை மாற்றிக்கொள்ள மறுத்தாள். அடுத்த வாரம் குழியைப் பார்ப்பதற்காக ரயிலில் போனபோது, அந்தப் பகுதியில் தூக்கியெறியப்பட்டுத் தரையில் விழுந்தாள். சுற்றியிருந்தவர்களும் இருக்கையை விட்டு எழும்பி எழும்பி விழுந்தார்கள். அவர்கள் தலைகள் கூரையில் இடித்தன. பேச்சு நிற்கவில்லை. ஒருவர் மூக்கிலிருந்து இரத்தம் வழிய, சட்டையில் பட்ட சிவப்பைப் பார்த்து, "இது எங்க ஒட்டிச்சு?" என்று துடைத்தார். தரையில் கிடந்த நவமணியைப் பார்த்து ஒரு பெண், "பாவம், இவங்களுக்கு என்னவோ உடம்புக்கு ஆகல," என்றாள்.

அந்தப் பெண் இரக்கத்தோடு டாக்டரிடம் சொல்லியிருக்கவேண்டும். நவமணிக்கு நடுக்கநோய் என்று ஒரு சீட்டு வந்தது. குணமாகும்வரை அவள் ரயிலில் ஏறக்கூடாது.

அதன்பின் அவள் தினமும் காலையில் நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள். காற்றில்லாத வெளியில் சத்தம் இல்லை. ரயில் தூரத்திலிருந்து மௌனமாக வரும். பெட்டிகள் ஒன்றையொன்று முட்டித் துள்ளும். சில சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு மேலெழும்பித் திரும்ப விழும். ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள், கழுத்தில்லாத பொம்மைகள்போல ஆடும். கிட்டே வந்தால் முகங்கள் தெரியும். எல்லா முகங்களும் அமைதியாக இருக்கும். சிலர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

"நாளைக்கு மட்டும் போகாத எட்வின்," என்று ஒருநாள் கெஞ்சினாள். "அந்த இடத்துல மண்ணு விரிசல் விட்டிருக்குன்னு ஹாஜிரா சொல்லிட்டுப் போறா."

"நேத்தும் நாளைக்கு மட்டும்னுதான் சொன்ன." அவன் கோபப்படவில்லை. அவளுடைய தலையைத் தடவினான். "எனக்குத் தலைவலி போயிடுச்சு நவமணி. நல்லாத் தூங்குறேன். நீதான் தூங்கமாட்டேங்குற. டாக்டரைப் போய்ப் பாரேன்."

அவன் போனான். அன்று ரயில் திரும்பவில்லை. விளக்குகள் மஞ்சளாயின, பிறகு சிவப்பாயின.

ஹாஜிராவின் பாதைவண்டியில் நவமணியும் ஏறிக்கொண்டாள். தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. தரை ஒரு பெரிய வாயாகத் திறந்திருந்தது. ஆனால் தண்டவாளம் அறுபடவில்லை. பள்ளத்தின் குறுக்கே அது கயிற்று ஏணிபோலத் தொங்கியது. அணைதாங்கிகள் ஏணியின் படிகளாக இருந்தன. ஒரு கவ்விகூட விடவில்லை. பெட்டிகள் மட்டும் கீழே கிடந்தன. சில பெட்டிகளில் காற்று கசிந்து போயிருந்தது. அவற்றில் இருந்தவர்கள் இருந்தபடியே இருந்தார்கள். ஒருவர் கையில் குவளை இருந்தது.

எட்வின் கடைசிப் பெட்டியில், தலைகீழாக, உயிரோடு கிடைத்தான். வலக்கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வண்டியில் ஏற்றியதும் அவன் கேட்டான்:

"ஏன் எல்லாரும் அழறாங்க? இன்னும் ஊர் வரலையா?"

இரண்டு மாத அரைக்காற்றுக்கு மறுத்த ஊர், புதிய பாதை போட்டு முடியும்வரை ஐந்து மாதம் அரைக்காற்றில் படுத்துக் கிடந்தது. விசாரணைக் குழு பிழைத்தவர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டது. ரயில் குலுங்கியதா? இல்லை. விபத்துக்கு முன் ஏதாவது அறிகுறி? இல்லை, எப்போதும்போல சுகமாகவே இருந்தது. எல்லோரும் ஒரே வாக்காகச் சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

நவமணியையும் அழைத்தார்கள். நடந்ததையெல்லாம், தன் மெத்தை தோண்டிய குழியிலிருந்து தொடங்கிச் சொன்னாள்.

"நீங்க சொல்றதை மறுக்கல," என்றார் குழுத் தலைவர், தயக்கத்தோடு. "ஆனா நீங்க அன்னிக்கு ரயில்ல இல்ல. இருந்தவங்க யாரும் குலுங்கினதாச் சொல்லல. உங்களுக்கு நடுக்கநோய்னு டாக்டர் சீட்டும் இருக்கு."

பாதையில் குறையில்லை, எதிர்பாராத நிலச்சரிவு என்று தீர்ப்பு வந்தது. பள்ளத்தில் தொங்கியபோதும் தண்டவாளத்தை விடாமல் பிடித்திருந்த அணைதாங்கியைக் குழு தனியாகப் பாராட்டியிருந்தது. பள்ளத்தை ஒட்டிக் கொஞ்சம் வளைத்துப் போட்ட புதிய பாதைக்கும் அதையே பயன்படுத்தினார்கள். நவமணி வரைந்து கொடுத்த மாற்றங்களைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பிழைத்தவர்களின் துன்பம் தாளாமல் டாக்டர் கிருபாகரன் சில்லில் இன்னொரு மாற்றத்தையும் செய்துமுடித்திருந்தார்.

புதிய பாதையில் ரயில் புறப்பட்ட காலையில் நிலையம் நிரம்பியிருந்தது. எட்வின் கையில் கட்டு இருந்தது. ஐந்து மாதமாகியும் எலும்பு சேரவில்லை; அவன் அந்தக் கையை அசைக்காமல் வைத்திருந்ததே இல்லை. நவமணி அவனுடைய பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.

"என்கிட்ட குடு," என்று திரும்பினான். அவள் தடுப்பதற்குள் கட்டுப்போட்ட கையாலேயே பையைப் பற்றித் தூக்கினான். கட்டுக்குள் ஏதோ நழுவியது. மணிக்கட்டு ஒரு பக்கமாகத் தொய்ந்து, விரல்கள் திரும்பக்கூடாத திசைக்குத் திரும்பின. பை கீழே விழுந்தது.

நவமணி அலறினாள். சுற்றியிருந்தவர்கள் அவளைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்வின் குனிந்து இடக்கையால் பையை எடுத்துக்கொண்டான். அவள் எதற்காக அழுகிறாள் என்று அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"வலிக்கவே இல்ல, பாரு," என்று சொல்லி, தொங்கிய அந்தக் கையை அவளுக்கு ஆட்டிக் காட்டிவிட்டு, ரயிலில் ஏறினான்.